உன்னை விடாத கேள்வி எது?

"படிச்சு முடிச்சு என்ன பண்ணப் போற கண்ணு?" என்று கேட்டால், திருப்பூர்ப் பிள்ளைகளில் பலர் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "பார்க்கலாங்க. ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகணும்."

இந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். நெருப்பெரிச்சல் பிள்ளை சொன்னால் சுத்தமாக ஏற்க மாட்டேன். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரின் வடக்குப் பகுதியில், ஓவர்லாக் மெஷின் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நீ. ஒரு பொருள் நூலாக வந்து, துணியாகி, நிறம் ஏறி, வெட்டுப்பட்டு, தைக்கப்பட்டு, பெட்டிக்குள் அடங்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவதை ஒரே ஊருக்குள் முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு இந்த நாட்டில் எத்தனை மாணவர்களுக்கு இருக்கிறது? இத்தனையும் கண்முன் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு "ஏதாவது" என்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன்மேல் கோபமில்லை. உனக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள்மேல்தான் கோபம். "உனக்குப் பிடித்ததைச் செய்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை, கைப்பேசி, இவற்றைத் தவிர நாம் அவனுக்கு என்ன காட்டினோம்? ருசித்தே பார்க்காதவனிடம் எது ருசி என்று கேட்பது அநியாயம். விடை தெரியாமல் அவன் விழிக்கிறான். 'எனக்கு எந்தத் திறமையும் இல்லை போல' என்று தனக்குள் முடிவு கட்டிவிடுகிறான். அந்த முடிவு பொய், தம்பி. அதை இப்போதே கிழித்துப் போடு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டேமன் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்து 2008-இல் ஒரு நூல் எழுதினார். அங்குள்ள இளைஞர்களில் கூட, தெளிவான வாழ்க்கை நோக்கம் கொண்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் என்று கண்டார். வசதி இருந்தும் அந்த நிலை. அவர் நோக்கத்துக்கு இரண்டு கால்கள் வைக்கிறார்: உனக்கு அது பொருளுள்ளதாக இருக்க வேண்டும், உன்னைத் தாண்டி இன்னொருவருக்கும் அதனால் ஏதாவது நடக்க வேண்டும். இரண்டாவது காலை நாம் மறந்துவிடுகிறோம். 'எனக்கு என்ன பிடிக்கும்' என்று உள்ளே மட்டும் தோண்டுகிறோம். வெளியே பார். எந்தக் குறை உன் கண்ணை உறுத்துகிறது? எந்தக் கேள்வி உன்னை விடமாட்டேன் என்கிறது? அங்கேதான் உன் தொழில் நிற்கிறது.

நீ போட்டிருக்கும் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள். நாலு முறை துவைத்தபின் சில சட்டைகளில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். டெய்லர் தப்பு என்று நினைப்போம். பெரும்பாலும் அவர்மேல் தப்பில்லை. நூலை நூற்கும்போது அதற்குள் ஏற்றிய முறுக்கு, தண்ணீர் பட்டதும் தளரப் பார்க்கிறது. சிங்கிள் ஜெர்சி துணியின் கண்ணிகள் அந்த விசையில் சாய்கின்றன. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூல் ஊட்டும் ஃபீடர் எத்தனை ஓடுகிறது என்பதும் சாய்வைக் கூட்டும், குறைக்கும். இதைப் படித்ததும் 'முறுக்கைக் குறைத்தால் நூல் வலு இழக்குமே, அப்புறம் எப்படி?' என்று உன் மண்டை குடைகிறதா? பி.காம். படித்துக்கொண்டிருந்தாலும் சரி, உனக்குள் ஒரு துணித் தொழில்நுட்பக்காரன் இருக்கிறான். அவனைப் பட்டினி போடாதே.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதனுக்கு அந்த முறுக்கு விஷயம் ஏறவே ஏறாது. அவன் கண் அந்தச் சட்டையின் சிவப்பு நிறத்தில் நிற்கும். பருத்தியில் அந்தச் சாயம் ஒட்ட உப்பு வேண்டும், கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. துணி நிறம் ஏறி வெளியே போய்விடும்; உப்பு தண்ணீரிலேயே தங்கும். அந்தத் தண்ணீர்தான் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதன்பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை இங்கே கட்டாயத்தில் வேரூன்றியது. சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பாக எடுக்கிறார்கள். எடுத்த கலப்பு உப்பை என்ன செய்வது? அதற்கு ஆகும் மின்சாரத்தையும் விறகையும் எப்படிக் குறைப்பது? ஒரு வேதியியல் மாணவன் தன் ஆயுள் முழுவதையும் கொடுக்கத் தகுந்த கேள்விகள் இவை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு "வேலையே இல்லைங்க" என்று சொல்லும் பிள்ளை, தன் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஒருமுறையாவது கால் வைத்ததுண்டா?

இன்னொருத்திக்கு முறுக்கும் தோன்றாது, உப்பும் தோன்றாது. இதைத் தைத்தவர் ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறாரே, அவர் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்பாள். அந்தக் கேள்வி அவளை ஆசிரியையாக்கும், வழக்கறிஞராக்கும், தொழிலாளர் துறை அதிகாரியாகவும் ஆக்கும். வேறொருவன், சட்டையின் நெஞ்சுப் பகுதியில் இருக்கும் அச்சுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். ஐந்தாமவன் இதை என்ன விலைக்கு விற்றார்கள், டாலர் ஏறினால் லாபம் யாருக்கு என்று கணக்குப் போடுவான். சட்டை ஒன்றுதான். உன் கண் எங்கே போய் நின்றதோ, அதைக் குறித்துக்கொள்.

இனி சம்பளத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்; பேசாமல் விட்டால் நான் உனக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். சனிக்கிழமை சம்பளம் என்பது திருப்பூரின் வரமும் வலையும். டெய்லருக்கு உதவும் கைமடியாகப் போனாலும் காசு, செக்கிங்குக்குப் போனாலும் காசு. வீட்டில் கடன் இருக்கிறது, தங்கை படிக்கிறாள், அதனால் லீவு நாளில் ஷிப்ட் பார்க்கிறாய். தலை நிமிர்ந்து போ. உழைக்கும் பிள்ளைக்கு வெட்கம் எதற்கு? ஆனால் ஒன்றைக் கவனி. முதலில் ஞாயிறு போகும், பிறகு வெள்ளி சனி போகும், பிறகு வருகைப் பதிவு குறையும், பிறகு அரியர், பிறகு "படிப்பு எனக்கு ஒத்துவரலீங்க". இப்படி நழுவிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பெனி அவர்களை இழுத்துக்கொள்ளவில்லை. தனக்கென ஒரு கேள்வி இல்லாததால், அடுத்த வாரச் சம்பளம் அவர்களை இழுத்துக்கொண்டது.

அதே மெஷின் முன்னால் உட்கார்ந்து முதலாளியானவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 1990-களில் திருப்பூரில் தங்கி, கூலிக்காரராக நுழைந்து உரிமையாளரான கொங்குக் குடியானவர்களைப் பற்றி ஆராய்ந்து, 2004-இல் நூலாக வெளியிட்டார். அவர்கள் தங்கள் மூலதனமாகச் சொன்னது உழைப்பை. வெறுமனே குனிந்து தைக்கும் உழைப்பு மட்டுமாக இருந்தால் எல்லா டெய்லரும் முதலாளி ஆகியிருக்க வேண்டும். என் கணிப்பு இது: தன் மெஷினோடு நிற்காமல் பின்னல் எப்படி, கட்டிங் எப்படி, கணக்கு எப்படி என்று அடுத்த மேஜையை எட்டிப் பார்த்தவர்களே மேலே வந்தார்கள். குடும்பமும் சாதியும் கைகொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. அந்தக் கை எல்லோருக்கும் நீளவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் சொல்கிறேன், பின்புலம் இல்லாத பிள்ளைக்கு எட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இரண்டு மடங்கு தேவை.

எட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று ஜி.டி. நாயுடுவிடம் கற்றுக்கொள். 1893-இல் கோவைக்குப் பக்கத்துக் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டார், மாட்டினார், மறுபடி பிரித்தார். பிறகு நம் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பணம் பார்த்தார். பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதை இழந்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டி மீண்டும் தொடங்கினார். அந்த ஒரு பஸ் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. மின் மோட்டாரும் சவரக் கத்தியும் வானொலியும் அவர் வடிவமைத்தவற்றில் உண்டு. சர்வர், பஞ்சு வியாபாரி, டிரைவர் என்று வேலைகள் மாறின. 'இது எப்படி இயங்குகிறது?' என்ற கேள்வி மட்டும் 1974-இல் அவர் மறையும்வரை மாறவில்லை. அவருடைய தொழில் அந்தக் கேள்விதான். பணம் போனபோது அவர் சாய்ந்துவிடாததற்கும் அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எல்லோரும் முதலாளியாக வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். திருப்பூர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நொய்யலும் சாயமும் அவரை விடவில்லை. 'சாயத்திரை' என்று நாவலே எழுதினார். சம்பளம் ஒரு பக்கம், பணி இன்னொரு பக்கம் என்று இரண்டையும் ஒரே உடம்பில் சுமக்கலாம். உன் கேள்வி சோறு போடாத கேள்வியாக இருந்தால், சோற்றுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, கேள்விக்கு உன் மாலை நேரங்களைக் கொடு. அது தோல்வி ஆகாது.

தங்கச்சி, உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை. "மாப்பிள்ளை அமையிற வரைக்கும் படிக்கட்டும்" என்று உன் வீட்டில் சொல்லும்போது நீ தலையைக் குனிந்துகொள்கிறாய். குனியாதே! எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி வாசலில் தினமும் பஸ் இறங்கும் பெண்களில் எத்தனை பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள்! உன் கல்லூரிக் கட்டணம் உன் அம்மா பிசிர் வெட்டியும் பேக்கிங் போட்டும் கட்டியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் நீ சேர்ந்திருந்தால், மாதம் 1,000 ரூபாய் உன் பெயரில் உள்ள கணக்குக்கு வரும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உன் கேள்விக்கென்று ஒதுக்கு. ஒரு புத்தகம், ஒரு பயிற்சி, ஒரு தேர்வுக் கட்டணம், எதுவாகவும் இருக்கட்டும். தையல் லைனில் உட்காரும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊரில், லைனைத் திட்டமிடும் பெண்ணும் கம்பெனியை நடத்தும் பெண்ணும் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறார்கள். அந்த நாற்காலிகள் உனக்காகக் காலியாக வைக்கப்படவில்லை. நீ போய் உட்கார வேண்டும்.

"ஆர்டரே ஆடிப்போச்சுங்க, இப்போ போய்..." என்று இழுக்கிறாயா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் எப்படிக் கலங்கியது என்று நீயும் பார்த்தாய். ஆர்டரை மட்டும் நம்பிய வேலை ஆர்டரோடு ஆடும். அப்படிப்பட்ட நாட்களில் வேறு நாட்டுச் சந்தை தேடத் தெரிந்தவனை, செயற்கை இழைத் துணியில் கைதேர்ந்தவனை, தண்ணீர்ச் செலவைக் குறைக்கத் தெரிந்தவளை யாரும் எளிதில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கஷ்டகாலம் கேள்வி உள்ளவர்களைத் தேடும்.

சரி, எங்கே தொடங்குவது? ஷிப்டுக்குப் போகிறவன் என்றால் உன் மேஜையோடு நிற்காதே. டீ டைமில் கட்டிங் மாஸ்டரிடம் போய், "அண்ணா, இந்தத் துணியில வேஸ்ட் ஏன் இவ்வளவு வருது?" என்று கேள். முதல் நாள் முறைப்பார். மூன்றாம் நாள், துணி வெட்டும் வரைபடமான மார்க்கரை விரித்துக் காட்டுவார். கேட்க ஆள் கிடைக்காத அறிவு அவரிடம் கொட்டிக் கிடக்கிறது. கம்பெனிக்கே போகாதவன் என்றால் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, டெஸ்டிங் லேபுக்கோ, முதலிபாளையம் நிஃப்ட்-டீ ஆடை வடிவமைப்புக் கல்லூரிக்கோ நேரில் போய் நில். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சியில் பெயரைப் பதிந்துவிட்டு வீடியோவை ஓடவிட்டுத் தூங்காதே. பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், எந்த விஷயத்தை யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய் என்பது தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இன்னும் மூன்று மாதம் எழுது. ஒரு கேள்வி பிடித்து, ஆறு மாதத்தில் அது சலித்தால் விட்டுவிடு; வேறொன்றைப் பிடி. கல்லூரிக் காலம் அதற்குத்தான்.

அப்புறம், வீட்டில் பேசு. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறீர்கள். "எனக்கு வேற கனவு இருக்குப்பா" என்று அழுதுகொண்டு பேசாதே. அப்பாவுக்குப் பயம்தான் கூடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ: நான் கற்றுக்கொள்ள நினைப்பது இது, இத்தனை மாதம் ஆகும், செலவு இவ்வளவு, அதில் இவ்வளவை லீவு நாள் ஷிப்டில் நானே சம்பாதிப்பேன், வீட்டுக்கு மாதம் இவ்வளவு தருவேன், அமையாவிட்டால் செய்யப்போவது இது. பீஸ் ரேட்டும் டஜன் கணக்கும் பார்த்தே குடும்பத்தைக் கரையேற்றியவர் அவர். கணக்கோடு வந்த பிள்ளையை உட்கார வைத்துக் கேட்பார். இரண்டு இடத்தில் திருத்தமும் சொல்வார். அந்தத் திருத்தத்தை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்.