தகுதியும் வாய்மையும்

தேவையுடையோர் பலராகவும் கொடுக்கத்தக்க பொருள் சிறிதாகவும் உள்ள சமுதாயத்தில், எவருக்குக் கொடுப்பது என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடையாகத் தற்கால நிறுவனங்கள் கைக்கொண்டுள்ள சொல் ‘தகுதி’ என்பதாகும். விண்ணப்பப் படிவம், கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலாளரின் ஒப்பம் ஆகியவற்றின் வழியே அது அளக்கப்படுகிறது. அளவுகோலானது ஒருவனுடைய மெய்யான தேவையைக் காணத் தவறுமிடத்து, அவன் அவ்வளவுகோலுக்கு ஏற்பத் தன்னைப் புனைந்து காட்டலாமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. வேலணைத் தீவின் கடற்கரைக் கிராமமாகிய சாட்டி என் ஊர். கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்துகொண்டே உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாம் முறை தோற்றி, 24ஆம் வயதிற் கலைப்பீடத்திற் சேர்ந்தேன். விடுதியில் இடம் கோரியபோது, தூரத்தை அடிப்படையாகக் கொண்ட விதி என்னைத் தகுதியற்றவனாக்கிற்று. “தம்பி, சாட்டிக்குப் பஸ் ஓடுதுதானே?” என்று அலுவலர் அன்பாகவே கேட்டார். பண்ணைப் பாலத்தின் வழியே பேருந்து ஓடுவது உண்மை. ஆயின், மாலை வேளையில் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தே நான் என் செலவை ஈடுசெய்கிறேன். பாடம் முடியும் நேரத்தில் ஊர் திரும்பப் பேருந்தில்லை. ஆதலால் நகரத்தின் அயலில் வாடகை அறையொன்றில் இருக்கிறேன். வாடகைக்காக உழைக்கவும், உழைப்பதற்காக வாடகைக்கு இருக்கவும் நேர்ந்த இந்நிலையை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை. அது கேட்டது கடற்றொழிலாளியாகிய என் தந்தையின் மாத வருமானத்தை. கடல் தரும் நாளும் தராத நாளும் கலந்த அவ்வருமானத்தை ஓர் இலக்கமாக எழுதுவது எவ்வாறு என்பதும் எனக்குப் புலப்படவில்லை.

நம் நாட்டு மாணவருக்கு உதவி இல்லையென்று கூறுதல் நன்றியின்மையாகும். 1981இற் சட்டத்தின் வாயிலாக நிறுவப்பட்ட மகாபொல நிதியம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியுள்ளது. அதன் மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025இல் உயர்த்தப்பட்டது. எனினும் இத்தகைய உதவிகள் மாணவனைப் பெற்றோரின் நிழலில் வாழும் பிள்ளையாகவே கருதி, குடும்ப வருமானத்தைக்கொண்டு அளக்கின்றன. வயது முதிர்ந்து, தன் கையாலுழைத்து, வாடகைக்குக் குடியிருப்பவன் அவ்வளவைக்குள் முற்றாக அடங்குவதில்லை. அமெரிக்காவில் 2005இல் இயற்றப்பட்ட சட்டமொன்று வாடகை உதவி தொடர்பாக இவ்விடத்தில் ஒரு கோடு கீறியது. மணமாகாத, பிள்ளைகளற்ற மாணவன் 24 வயதுக்குட்பட்டவனாயின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவனுடைய வருமானத்தோடு பெற்றோரின் வருமானமும் நோக்கப்படும். அவ்வயதைக் கடந்தவன் பெற்றோரின் வருமானத்தால் அளக்கப்படுவதில்லை. 24 என்ற எண்ணில் தெய்விகம் எதுவுமில்லை. ஆயினும் மாணவன் ஒருவன் ஒருநாள் தனிமனிதனாகிறான் என்பதை அவ்விதி ஒப்புக்கொள்கிறது.

என் நிலையை அறிந்த நண்பன் ஒருவன் எளிய வழியொன்று கூறினான். “உன்ரை மாமி நெடுந்தீவிலைதானே இருக்கிறா? அந்த விலாசத்தைப் போடு.” நெடுந்தீவுக்குப் பாலமில்லை, குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தே செல்லவேண்டும். அம்முகவரியை எழுதினால் விடுதியில் இடம் உறுதி. என் தேவையோ பொய்யன்று. முகவரி மாத்திரமே பொய். அன்றிரவு அவ்வாறே ஒரு படிவத்தை நிரப்பினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எந்நிலையிலும் பொய் கூறலாகாது என்பது ஜேர்மன் மெய்யியலாளர் காண்டின் நிலைப்பாடு. கொலைஞனிடமிருந்து நண்பனைக் காப்பதற்கும் பொய் கூறும் உரிமை இல்லையென்று 1797இல் அவர் வாதித்தார். வள்ளுவரோ வாய்மையைச் சொல்லின் பொருத்தத்தில் வைத்தாரல்லர். பிறர்க்குத் தீங்கு விளையாமையில் வைத்தார். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்ம்மைக்கும் அவர் இடமளித்தார். என் மனம் வள்ளுவரிடம் அடைக்கலம் புக விரைந்ததில் வியப்பில்லை. ஆனால் அங்கேயே வழி அடைபட்டது. விடுதியிலுள்ள கட்டில்கள் எண்ணப்பட்டவை. நெடுந்தீவு முகவரியால் நான் பெறும் கட்டில், மெய்யாகவே கடல் கடந்து வரும் ஒரு மாணவனுக்கு உரியது. நான் ஏமாற்றுவது விதியை என்று எண்ணினேன். விதிக்கு அதனால் இழப்பில்லை. இழப்பவன் வரிசையில் எனக்குப் பின்னால், நான் முகமறியாது நிற்பவன். நன்மை உண்டு, ஆனால் அது குற்றமற்ற நன்மையன்று. காண்டின் கடுமையை ஏற்காதவனும் அப்படிவத்தைக் கிழித்தல் வேண்டும், நானும் கிழித்தேன்.

ஆயின் விதியே வேண்டாமென்று இதனாற் கூறலாமா? கூறலாகாது. விதியில்லாத இடத்தில் அலுவலரின் இரக்கமே ஆட்சி செய்யும். இரக்கத்தை வேண்டி நிற்பவன் இரவலனாவான். இரத்தலுக்கு ஓர் அதிகாரமும், இரத்தலை அஞ்சுதலுக்கு அடுத்த அதிகாரமும் வகுத்த வள்ளுவர் அவ்விழிவை நன்கறிந்தவர். குனியாது நின்று பெறும் உரிமையை நமக்குத் தருவது விதியே. ஆனால், மெய் கூறுபவனை வெளியே நிறுத்திப் பொய் கூறுபவனை உள்ளே விடும் விதி தன்னையறியாமலே பொய்யைக் கற்பிக்கிறது. அக்குற்றத்திற் பொய்யனுக்கு மட்டுமன்றி, விதியை வகுத்தவருக்கும் பங்குண்டு.

எனவே நாம் வேண்டுவது சலுகையன்று. குறித்த வயதைக் கடந்த மாணவன் தன் சொந்த வருமானத்தாலும், உண்மையில் அவன் உறங்கும் இடத்தாலும் அளக்கப்படுதல் வேண்டும். கிலோமீற்றரோடு கடைசிப் பேருந்தின் நேரமும் நோக்கப்படுதல் வேண்டும். படிவம் கேளாததைக் கூறுவதற்கு அதன் இறுதியிற் சில வரிகளேனும் விடப்பட்டு, அவற்றைப் படிப்பதற்கு ஒருவர் பொறுப்பாக்கப்படுதல் வேண்டும். சாட்டி முகவரியை எழுதிய படிவத்தோடு தனித்தாளொன்றில் என் நிலையை எழுதி இணைத்து அனுப்பியுள்ளேன். இடம் கிடைக்குமா என்பது அறியேன். கிடைக்குமாயின், அது எவனுடைய கட்டிலும் அன்று என்ற அமைதியோடு அதிற் படுத்துறங்கலாம்.