புகை நின்ற ஆலைகள்

இடிபாடுகளைப் பார்த்தால் வருத்தப்பட வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கோட்டையோ சத்திரமோ சரிந்து கிடந்தால், எப்படி வாழ்ந்த இடம் என்று பெருமூச்சு தானாக வந்துவிடுகிறது. மொரீசியஸ் போனபோது அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை.

அங்கே கரும்புக் காட்டுக்கு நடுவே பழைய ஆலைகளின் புகைபோக்கிகள் ஒற்றை ஒற்றையாக நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சின்னத் தீவில் 250க்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் ஓடின. இன்று மூன்றுதான். கருங்கல்லில் கட்டிய அந்தப் புகைபோக்கிகள் பார்க்க அழகாகவே இருக்கின்றன, அதுதான் சங்கடம். ஆனால் என்னை நெடுநேரம் நிற்கவைத்தவை தோட்டங்களுக்குள் அடுக்கப்பட்டிருந்த கற்குவியல்கள். எரிமலைப் பாறையால் ஆன தீவு அது. கரணை நட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கையால் பொறுக்கி, சுமந்து, அடுக்கியிருக்கிறார்கள்.

யார் அடுக்கினார்கள்? முதலில் அடிமைகள். 1835இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் அதுவரை காத்திருக்கவில்லை. 1834 நவம்பர் 2ஆம் தேதியே ‘அட்லஸ்’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. 1920க்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இறங்கினார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களில் ஏராளம். போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ என்ற படித்துறையை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களைக்கூட 1867ஆம் ஆண்டுச் சட்டம் விடவில்லை. படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும்.

போ பிளானில் 1999இல் நின்றுபோன ஆலையை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வகைவகையான சர்க்கரையை ருசிபார்க்கத் தருகிறார்கள். அது நாக்கில் கசந்தது என்று எழுத ஆசைதான். கசக்கவில்லை. நெய்க்காரப்பட்டி வெல்லம் தின்று வளர்ந்தவனுக்கே அது நன்றாக இருந்தது.

இந்த ஆலைகள் ஒழிந்தது நல்லதுதானே என்று தோன்றியது. ஆனால் யாரும் மனம் திருந்தியதால் அவை ஒழியவில்லை. சின்ன ஆலைகளைப் பெரிய ஆலைகள் விழுங்கின, அவ்வளவுதான். கரும்பு இன்னும் அங்கே விளைகிறது. அதனால் சந்தோஷப்படவும் எனக்குப் பெரிய காரணம் இல்லை.

பழனி பக்கம் எங்கள் கீரனூருக்குத் திரும்பியதும் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மொரீசியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை என்றதும் அவருக்குப் பழனிக்காரர் பெருமை வந்துவிட்டது. ஆலை இடிந்த கதையை மட்டும் அவரால் ரசிக்க முடியவில்லை. “ஆலை நின்னது நல்லதுங்கறயா கண்ணு?” என்று கேட்டார்.

அவர் கேட்டது மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் அமராவதி ஆலையை நினைத்து. தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அது. விவசாயிகள் பங்குப்பணம் போட்டு எழுப்பியது. இயந்திரங்கள் பழசாகி அரவை நின்றபின், பல பேர் கரும்பை விட்டுத் தென்னைக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு அந்தப் புகைபோக்கி வீட்டில் ஒருவர் படுத்துக் கிடப்பதைப் போல. அது அவருடைய ஆலை. வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று அதன் வாசலில் சண்டை போட்டிருக்கிறார். மொரீசியஸ் கூலிக்கு அப்படிச் சண்டை போட வாசல் இல்லை. இரண்டு புகைபோக்கிகளிலும் புகை இல்லை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை என்று அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட பிறகு ஒன்று கேட்கத் தோன்றியது.

“வெட்டற ஆளுகளுக்கு அதுல பங்கு இருந்துச்சுங்களா சித்தப்பா?”

“அவிகளுக்கு எப்படிக் கண்ணு? முன்பணம் வாங்கிட்டு வெளியூர்ல இருந்து வருவாங்க, சோகையில குடிசை போட்டுக்குவாங்க, வெட்டு முடிஞ்சாப் போயிருவாங்க.”

அட்லஸ் கப்பலில் போனவர்களுக்குப் பேசிய சம்பளம் மாதம் 5 ரூபாய். அவர்களுக்கும் முன்பணம் கொடுத்துத்தான் ஏற்றினார்கள். சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன். “அது வேற, இது வேற” என்றார். எப்படி வேறு என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.