பழைய பாவும் புதிய பாவும்

காஞ்சி நகரை அடுத்து, வேகவதி ஆற்றுப் பக்கம் அமைந்த சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சமணர் போற்றும் ஜின காஞ்சி அதுவே. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோவிலின் சங்கீத மண்டபத்தை 1387-ஆம் ஆண்டில் எழுப்பியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ணங்களாய் விரிகின்றன. அவ்வோவியங்கள் யாவும் ஒரே காலத்தவை அல்ல. பின்வந்த நூற்றாண்டுகளின் கைவண்ணமும் அங்கே உண்டு. கட்டியவரின் முகம் அறியாதோர் அவர் தொடங்கியதைத் தொடர்ந்தனர்.

நம் கலை இல்லங்களும் இவ்வாறு தொடருமா? வருங்காலத்தைத் திட்டமிடுவது விசுவாசக் குறைவு என்பார் உளர். நாளையைக் குறித்துக் கவலை வேண்டாம் என்று ஆண்டவர் கற்பிக்கவில்லையா என வினவுவர். ஆனால் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று உணர்த்தியவரும் அவரே. கவலை வேறு, கருத்தோடு முன்னோக்குதல் வேறு. முன்னது நம்மைப் பற்றிய அச்சம். பின்னது நமக்குப் பின் வருவோர்மீது கொள்ளும் அன்பு.

இவ்வன்பின் இயல்பைக் காஞ்சித் தறியிலேயே கற்கலாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருடன் துணையாள் ஒருவரும் தறியில் அமர வேண்டும். நிறங்கள் கலங்குவதில்லை; ஆயினும் பிரியாமல் பிணைகின்றன. கூட்டுறவு என்பது இதுவே. திருச்சியில் 1977-இல் தோன்றிய கலைக்காவிரி, பரதத்தின் வழியே நற்செய்தியைப் பேசிற்று. அப்பரதம் திருச்சபை படைத்ததன்று. பிறரிடம் மாணவராய் அமர்ந்து பெற்றது. கற்கத் தாழ்பவருக்கே கற்பிக்கும் உரிமை வாய்க்கிறது.

இன்னொரு பாடமும் தறியில் உண்டு. பழைய பாவு தீருமுன், அதன் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லையேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில், கட்டைக்கூத்துச் சங்கம் 2002-இல் ஒரு குருகுலம் தொடங்கியது. ஆடவரே ஆடிவந்த கூத்தை அங்கே சிறுமியரும் பயின்றனர்; பள்ளிக் கல்வியும் உடன் பெற்றனர். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. இதனைத் தோல்வி என்போமா? கட்டடம் அமைதியுற்றது; ஆனால் அங்கே கற்றவர்கள் மேடையில் நிற்கிறார்கள். இழை பிணைக்கப்பட்டுவிட்டது.

எனவே, ஒரு கலை இல்லத்தின் வருங்காலத்தை அதன் சுவர்களைக் கொண்டு அளத்தல் தகாது. நம் பங்குகளில் பாடற்குழுக்களும் நாடக மன்றங்களும் பெரும்பாலும் ஒருவரது ஆர்வத்தில் பிறக்கின்றன. அவர் மாற்றலாகிச் சென்றாலோ, முதுமையுற்றாலோ, அவரோடு அவையும் ஓய்கின்றன. அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர் அருகே துணையாளாய் அமர நம்மில் யார் முன்வந்தோம்? பக்கத்துப் பங்கினரைப் போட்டியாளராய் அன்றி உடன்நெய்வோராய் எப்போது அழைத்தோம்?

இவ்வாண்டு நாம் என்ன அரங்கேற்றினோம் என்பதோடு, நாம் இல்லாத நாளில் இதனை யார் செய்வார் என்றும் கேட்கப் பழகுவோம். தாலந்துகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே. உரிமையாளர் நாம் அல்லோம். புதைத்துக் காப்பதாலன்று, பிறர் கையில் சேர்ப்பதாலேயே அவை பெருகும். பாவு தீருமுன் பிணைப்போம்.