விளக்கை மாற்றலாமா

பழைய 16 எம்எம் புரொஜெக்டரில் இருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடலாமா? எலக்ட்ரிக் கடையில் தீர வேண்டிய கேள்வி மாதிரிதான் தெரியும். எர்ணாவூரில் என் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு மெஷின் இருப்பதால் சில மாதம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். போகப்போக இது யார் பக்கம் நிற்பது என்கிற கேள்வியாக மாறிவிட்டது.

மெஷினில் இருந்தது 750 வாட் டங்ஸ்டன் பல்பு. தின்கிற கரன்ட்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். அதைத் தள்ள ஒரு ஃபேன். பிலிம் நடுவில் சிக்கினால் அந்த ஃப்ரேம் பழுத்து, குமிழி விட்டு, உருகிவிடும். எல்.ஈ.டி. என்றால் கரன்ட் கொஞ்சம் போதும், பிலிமும் வேகாது.

பழசை விரும்பும் நண்பர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, நிறம். டங்ஸ்டன் வெளிச்சம் 3200 கெல்வின் வாக்கில், மஞ்சள் சாய்ந்தது. 16 எம்எம் பிரின்ட் பலவும் அதை மனதில் வைத்துப் போட்டவை. மலிவான எல்.ஈ.டி.யில் மனித முகம் காய்ச்சலில் கிடந்தவன் முகம்போல வெளிறும். இதை நான் மதிக்கிறேன், படத்துக்கு விசுவாசமான பேச்சு. இன்னொன்று, ‘மெஷினோட ஆன்மா போயிடும்’ என்பது. இது எனக்குப் பிடிபடவில்லை. பல்பு தீர்ந்துபோவதற்கென்றே செய்யப்பட்டது. செய்தவனே அதைக் கழற்ற வசதியாக ஹோல்டரில்தான் வைத்தான்.

சினிமா வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கிளம்பியபோது பல ஊரில் கரன்ட்டே கிடையாது. பிறகு தியேட்டர்களில் கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சி, நடுவே கண்ணைப் பறிக்கும் பொறி. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கணும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அந்தக் காலத்து ஆபரேட்டர். என் சந்தேகத்தைக் கேட்டுச் சிரித்தார். “அந்தப் பொகைய நீ குடிச்சிருந்தா பழசு வோணும்னு பேசவே மாட்ட, கண்ணு. மாத்திட்டுப் போ.”

அதே மூச்சில் செனான் விளக்கைப் பற்றியும் சொன்னார். அது வந்ததும் புகை போச்சு, குச்சி மாற்றும் வேலை போச்சு, பக்கத்திலேயே நிற்க ஆள் வேண்டாம் என்றாச்சு. முதலில் கையாள் போனான். டிஜிட்டல் வந்தபோது இவரும் போனார். 2020-ல் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரே மூடியது. “நல்ல லைட்டுதான். அதுக்கு நான் தேவப்படல, அவ்ளோதான்.”

நுரையீரலைக் காப்பாற்றியதும் சோற்றைப் பறித்ததும் ஒரே மாற்றம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிட முடியாது. முன்னேற்றம் என்று கைதட்டுபவரும் பழசே அழகு என்பவரும் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முழுக்கணக்கு பெரியவரிடம்தான் இருக்கிறது. அவரைக் கேட்டுவிட்டு யாரும் எந்த விளக்கையும் மாற்றவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. கரித்தூள் படிந்த மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு வாட் என்பது வெறும் எண் இல்லை. என் ஒரு பல்பால் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கூடிவிடாது, தெரியும். ஆனாலும் என் மஞ்சள் வெளிச்ச ஆசைக்கான புகையை எங்கேயோ யாரோதான் குடிக்கிறார்கள்.

மாற்றிவிட்டேன். உடம்பில் ஒரு துளைகூடப் போடவில்லை. பழைய ஹோல்டர், கண்ணாடி எல்லாம் பெயர் எழுதி டப்பாவில் இருக்கிறது, அடுத்து வருபவர் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். நிறம் ஒழுங்காகக் காட்டும் மஞ்சள் சாய்ந்த எல்.ஈ.டி.யாகத் தேடினேன். படம் காட்டும்போது விளக்கு மாற்றியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்றுதான் தீரவில்லை. முன்னெல்லாம் பிலிம் வெந்துவிடுமோ என்ற பயத்தில் மெஷினை விட்டு நகர மாட்டேன். இப்போது நடுவில் எழுந்துபோய் டீ குடிக்கிறேன். போன வாரம் வந்த பெரியவர், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழக்கத்தில் விளக்குப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்து, “ஓடுதா?” என்று கேட்டார்.