பெயர் யாருக்கு உரியது?

ஒரு கலை அது பிறந்த மண்ணுக்கு உரியதா, அதனைப் பேணும் கைகளுக்கு உரியதா? வங்காளத்துக் கைத்தறிச் சேலை ஒன்றின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

டாங்காயில் என்னும் ஊர் இன்றைய வங்காளதேசத்தில் உள்ளது. நெய்யும்போதே தனியிழை சேர்த்துக் கையால் பூ வைப்பது அவ்வூர்ச் சேலையின் சிறப்பு. 1947-இல் வங்காளம் பிரிந்தபின், அங்கு வாழ்ந்த பசாக் குலத்து நெசவாளர் பலர் எல்லை கடந்து, மேற்கு வங்காளத்தின் நதியா மாவட்டத்து ஃபுலியாவில் குடியேறினர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தோர், கைத்திறனை விட்டு வரவில்லை. புதிய ஊரில் நெய்த சேலைக்கும் பழைய ஊரின் பெயரே நிலைத்தது.

2024 சனவரியில் இந்தியா அச்சேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. வங்காளதேசத்தில் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே அந்நாடும் தன் டாங்காயில் சேலைக்கு அவ்வுரிமையை அறிவித்தது.

நீதி யார் பக்கம்? ஊரின் பெயர் ஊருக்கே உரியது என்பார் கூற்றில் உண்மை உண்டு. ஊர் பெயராது அங்கேயே தறி மிதித்தோரும் உளர் அன்றோ? ஆயினும், அனைத்தையும் இழந்து வந்தவனிடம், ‘உன் ஊர்ப் பெயரையும் விட்டுவிடு’ எனல் அறமாகுமா?

நிலம் பங்கிட்டால் குறையும். கலை பங்கிட்டால் குறையாது. ஆதலின் அப்பெயர் இருவர்க்கும் உரியது என்பதே என் துணிபு. பெயருக்காக வழக்காடுவோர் மற்றொன்றையும் கேட்டல் வேண்டும்: விசைத்தறிப் போலிகள் மலிந்த சந்தையில், அந்தப் பெயரால் கைத்தறி நெசவாளன் வீட்டு உலை கொதிக்கின்றதா? அவன் மகன் தறியை விட்டு எழுந்து போய்விட்டால், வென்ற நாட்டின் கையில் எஞ்சுவது பெயர் மட்டுமே.