கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

பேங்காக் நகரின் சனாம் லுவாங் திடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது தாய்லாந்தின் தேசிய அரும்பொருளகம். முன்பு அது ஓர் அரண்மனை. பெயர் ‘வாங் நா’, அதாவது முன் அரண்மனை. 1782-இல் முதலாம் ராமா மன்னர் பேங்காக்கைத் தலைநகராக்கியபோது, துணை அரசரான தம்பிக்காக எழுந்தது. 1885-இல் கடைசித் துணை அரசர் இறந்ததும், மன்னர் சுலாலங்கோர்ன் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். 1887-இல் அரும்பொருளகம் அங்கே குடிவந்தது.

அங்குள்ள ஜாவா சிற்பங்களில் ஒரு பெரிய கல் பிள்ளையாரைப் பார்க்கலாம். மண்டையோடுகள் மேல் அமர்ந்திருப்பார். சொந்த ஊர், கிழக்கு ஜாவாவின் சிங்கோசாரி. அவர் எப்படி பேங்காக் வந்தார்?

1896-இல் மன்னர் சுலாலங்கோர்ன் ஜாவாவுக்குப் போனார். அப்போது அங்கே ஆட்சி டச்சுக்காரர்கள் கையில். போரோபுதூரின் புத்தர் சிலைகள், சிங்கங்கள், புடைப்புச் சிற்பங்கள் என்று வண்டி வண்டியாக அன்பளிப்புக் கொடுத்தார்கள். பிள்ளையாரும் அந்தப் பயணத்தில் வந்தவர்தான்.

மன்னர் திருடவில்லை. கொடுத்தார்கள், வாங்கினார். நூறு வருசத்துக்கு மேல் பத்திரமாகவும் இருக்கிறது. இதில் என்ன தப்பு என்று கேட்கலாம்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். இங்கே பிள்ளையாரையே தூக்கிக் கொடுத்துட்டாங்க! தானம் என்றால் கொடுப்பவருக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டாமா? ஆட்சி கையில் இருந்ததால் டச்சுக்காரர்களைத் தடுக்க யாருமில்லை. தடுக்க ஆளில்லை என்பது உரிமை ஆகிவிடாது.

“ஜாவா மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் ஆகிவிட்டார்களே, கும்பிட ஆளில்லாத சிலை யாரிடம் இருந்தால் என்ன?” என்று சிலர் சொல்வார்கள். சரி, தாய்லாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலோர் பௌத்தர்கள். ஆனால், பனோம் ருங் சிவன் கோயிலிலிருந்து திருடுபோன, பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கிய வாசல் கல் சிகாகோ அரும்பொருளகத்தில் இருப்பது தெரிந்ததும், அந்த நாடே சேர்ந்து திருப்பிக் கேட்டது. 1988-இல் கல் திரும்பி வந்தது. கும்பிடுகிறவர்கள் மட்டும்தான் உரியவர்கள் என்றால், அந்தக் கோரிக்கைக்கு அர்த்தமே இல்லை. முன்னோர் கைபட்ட பொருள் என்ற உறவு போதும்.

2024-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகம், சிவன் என்று காட்சிக்கு வைத்திருந்த ‘தங்கப் பையன்’ வெண்கலச் சிலையைத் திருப்பிக் கொடுத்தது. அது வந்து சேர்ந்த இடம் இதே வாங் நா. ஆக, தன் வீட்டுக்குத் திரும்பிய சிலையும், இன்னும் தன் வீட்டுக்குப் போகாத பிள்ளையாரும் ஒரே வளாகத்துக்குள்.

திருட்டும் அன்பளிப்பும் ஒன்றா? இல்லை. ஒன்றில் கள்ளம் இருக்கிறது, மற்றதில் மரியாதை இருக்கிறது. ஆனால், “உரியவர்களைக் கேட்டார்களா?” என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் ஒன்றுதான். நல்ல நோக்கம் வாங்கியவரைப் பழியிலிருந்து காக்கலாம். கொடுத்தவருக்கு இல்லாத உரிமையை அது உண்டாக்காது.

பிள்ளையாரை உடனே கப்பலேற்றச் சொல்லவில்லை. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் நட்பு நாடுகள், பேசி முடிவு செய்யட்டும். ஆனால், நாம் இழந்ததைக் கேட்கும்போது எந்த அளவுகோலை எடுக்கிறோமோ, நம்மிடம் இருப்பதற்கும் அதையே எடுப்பதுதான் நேர்மை.

நண்பர்களே, இது மன்னர்களுக்கு மட்டும் வருகிற சோதனை இல்லை. திருவிழாவுக்கும் இளைஞர் முகாமுக்கும் நாம் நன்கொடை கேட்டுப் போகிறோம். ஒருவர் கம்பெனிப் பணத்தை எடுத்துத் தன் பெயரில் கொடுக்கலாம். ஒருவர் வேலையாட்களின் சம்பளத்தை நிறுத்திவைத்துவிட்டு அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ரசீது எழுதி, பொன்னாடை போர்த்தினால் நம் கடமை முடிந்ததா? “இது நீங்கள் கொடுக்கக்கூடியதுதானா, அண்ணா?” என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் கேட்டுத்தான் ஆகவேண்டும், ரசீது எழுதுவதற்கு முன்னால்.