மருந்தும் தீனும்

மருந்து பிணியுற்ற உயிர்க்கு உரியது. தீன் பசியுற்ற உயிர்க்கு உரியது. அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தீனிற் கலந்து, பிணியில்லாத கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும், அவை விரைந்து கொழுத்தற்பொருட்டு நாடோறும் ஊட்டும் வழக்கம் பல தேசங்களிற் பரவியது. அஃது அறநெறிக்கு ஒக்குமோ என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அவ்வழக்கம் தோன்றியவாறு கூறுதும். அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்ரொக்ஸ்ராட் என்னும் அறிஞர் இருவர், ஓரியோமைசின் என்னும் மருந்து செய்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளின் தீனிற் சேர்த்து, அவை விரைந்து வளரக் கண்டனர். 1950இல் அச்செய்தி வெளியாயிற்று. அதன்பின் மருந்தே தீனின் கூறாயிற்று.

பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கோ, 1945இல் தமது நோபெற் பரிசுப் பேருரையிலேயே, குறைந்த அளவிற் கொடுக்கும் மருந்து கிருமிகளைக் கொல்லாது எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் என எச்சரித்திருந்தார். தீனிற் கலக்கும் அளவு மிகச் சிறிது. அதனால் மெலிய கிருமிகள் மடிய, வலியன எஞ்சிப் பெருகும். அன்றியும், அவ்வெதிர்ப்பாற்றலை ஒரு கிருமி வேறினக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. பிற மருந்துகள் பயன்படாதவிடத்து வைத்தியர் இறுதியில் நாடுவது கொலிஸ்ரின். அதனையும் எதிர்க்கும் ஆற்றல் இவ்வாறு கிருமிக்குக் கிருமி பரவுதலைச் சீன தேசத்து ஆராய்ச்சியாளர், பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளரிடத்துங் கண்டு, 2015இல் வெளியிட்டனர். சீனம் 2017இல் அம்மருந்தை வளர்ச்சிக்காகத் தீனிற் சேர்த்தலை விலக்கிற்று. இந்தியா 2019இல் உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதனை விற்றலையே தடுத்தது.

“யாம் புலாலுண்ணேம்; இவ்வாராய்ச்சி எமக்கு எற்றுக்கு?” எனச் சைவருட் சிலர் வினாவுவர். அது பொருந்தாது, என்னை? கிருமி உண்பாரையும் உண்ணாதாரையும் பகுத்தறியாது. ஓட்டமாவடியைச் சூழ்ந்த எம் நாட்டையே நோக்குக. மாட்டெருவும் கோழியெருவும் வயலுக்கும் தோட்டத்துக்கும் இடப்படுகின்றன. மாரியில் அந்நீர் வடிந்து களப்பிற் சேர்கின்றது. எருவிலுள்ள கிருமி நீரோடும் கீரையோடும் வளர்ப்போர் கையோடும் செல்லக்கூடும். புலாலுண்ணும் அயலவரும் உண்ணாத நாமும் ஒரே நீரிற் புழங்குகின்றோம். நோயுற்றக்கால் ஒரே ஆசுபத்திரிக்குச் செல்கின்றோம். இவ்வூரார் அது செய்தனர் என்பது எம் கூற்றன்று. எவர் செய்யினும் தீங்கு எல்லார்க்கும் பொது என்பதே கூற்று.

“முட்டையும் இறைச்சியும் மலிதல் ஏழைகட்கு நன்றன்றோ?” என்பது மற்றொரு தடை. மலிவால் வரும் ஊதியம் ஒருவர்க்கு. நட்டமோ அவ்வாணிகத்தை அறியாத குழந்தையின் சீழ்ப்புண்ணிற் போய் விழுகின்றது. மேலும், சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் இவ்வழக்கத்தை விலக்கின. டென்மார்க்கிற் பால்மறந்த பன்றிக்குட்டிகள் முதலில் மிகுதியாக நோயுற்றமை மெய்யே. ஆயினும் வளர்ப்புத் தொழில் அழிந்திலது. நெருக்கத்தாலும் அழுக்காலும் வரும் நோயை மருந்தால் மறைத்தலினும், அவ்விரண்டையும் நீக்குதலே உயிரிரக்கமாம்.

நோயுற்ற பசுவுக்கு மருந்து கொடுத்தல் கருணை. அதனை எவரும் விலக்கார். நோயில்லாத உயிர்க்கு ஊதியங் கருதி ஊட்டுதலே விலக்கற்பாலது. மருந்தின் வலிமை ஊர்க்குளத்து நீர்போற் பொதுவுடைமை. குளமாயினும் அடுத்த மாரியில் நிரம்பும். மருந்து இழந்த வலிமை எளிதில் மீளாது. மருந்தை எதிர்க்கும் கிருமிகளே காரணமாக 2019இல் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் எனக் கணக்கிட்டுள்ளனர். இதற்கு விலங்கு வளர்ப்போர் மாத்திரம் காரணரல்லர்; சளிக்கெல்லாம் தாமே இம்மருந்தை வாங்கி விழுங்குவோரும் காரணரே.

ஆதலால், ஆசிரியன்மீர்! வைத்தியர் விதித்தாலன்றி இம்மருந்தை உண்ணற்க, விதித்தவாறன்றிக் குறைக்கற்க. மாடும் கோழியும் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நும் வகுப்பில் இருக்கின்றனர். தீன்பையில் எழுதியிருப்பதை வாசிக்கவும், கூட்டைத் துப்புரவாக வைக்கவும், மிருகவைத்தியரைக் கேட்டே மருந்து கொடுக்கவும் அவர்க்குக் கற்பிப்பீராக. புலாலுண்ணாமையைப் போதிக்கும் நாம், உண்பார் வீட்டுப் பிள்ளையின் மருந்தையுங் காத்தல் கடனன்றோ?